மாடியில் சோலார் போடப் போகிறீர்களா? தெருமுனை ட்ரான்ஸ்பார்மரையும் பாருங்கள்!

வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். எந்த ஆன்டி வைரஸ் நல்லது? யு.பி.எஸ். எத்தனை வி.ஏ. வாங்கலாம்? பிரின்டரில் இங்க் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது? அண்மைக் காலமாக இந்தப் பட்டியலில் இன்னொரு கேள்வி சேர்ந்துள்ளது. "மாடியில் சோலார் பேனல் போடப் போகிறோம். இனி யு.பி.எஸ். தேவையில்லை அல்லவா? கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் ஓடும்தானே?"

ஓடாது. சாதாரணமாக வீடுகளில் பொருத்தப்படும் சோலார் சிஸ்டம், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் நின்றுவிடும். கரண்ட் இருக்கும்போதும்கூட, சில தெருக்களில் நடுப்பகலில் அது தானாகவே நின்று நின்று ஓடும். இதற்குக் காரணம் பேனலின் குறைபாடு அல்ல. தெருவில் ஓடும் கம்பிக்கும், தெருமுனையில் நிற்கும் ட்ரான்ஸ்பார்மருக்கும் ஓர் எல்லை இருக்கிறது. விற்பவர்கள் உங்கள் மாடியின் சதுர அடியை மட்டும் அளந்து பார்த்துவிட்டு விலை சொல்லிவிடுகிறார்கள். இந்த எல்லையைப் பற்றிப் பேசுவது குறைவு.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். ஊரில் அப்பா, அம்மா இருக்கும் வீட்டில் 2024-ஆம் ஆண்டு 3 கிலோவாட் சோலார் பொருத்தினோம். அதில் வரும் டேட்டாவைத் தொடர்ந்து பார்த்து வருவதால் தெரிந்துகொண்ட விஷயங்களை, லட்சக்கணக்கில் செலவு செய்யும் முன் நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது.

சோலார் சிஸ்டத்தில் என்னென்ன இருக்கும்?

மூன்று முக்கிய பாகங்கள். முதலாவது மாடியில் உள்ள பேனல்கள். இவை வெயிலில் இருந்து டி.சி. மின்சாரம் தருகின்றன. ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டு சராசரியாக நாள் ஒன்றுக்கு 4 யூனிட் அளவில் தரும். 3 கிலோவாட் என்றால் 12 யூனிட்.

இரண்டாவது இன்வெர்ட்டர். இந்தப் பெயரில்தான் குழப்பமே ஆரம்பிக்கிறது. நம் வீடுகளில் இன்வெர்ட்டர் என்றால், பேட்டரியோடு சேர்த்து வைத்து, கரண்ட் போனதும் பேனையும் லைட்டையும் ஓட்டும் பெட்டி என்றுதான் பொருள். சோலாரோடு வரும் பெட்டிக்கும் அதே பெயர்தான். ஆனால் வேலை வேறு. பேனலில் இருந்து வரும் டி.சி.யை ஏ.சி.யாக மாற்றி, மின்வாரிய லைனோடு ஒத்துப்போகும்படி சேர்ப்பது மட்டுமே இதன் வேலை. இதனை ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் அல்லது கிரிட்-டை இன்வெர்ட்டர் என்பார்கள். இதில் பேட்டரி கிடையாது.

மூன்றாவது நெட் மீட்டர். பழைய மீட்டர் உள்ளே வரும் கரண்டை மட்டும் கணக்கிடும். நெட் மீட்டர் உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளும். பகலில் நீங்கள் பயன்படுத்தியது போக மீதி, தெரு லைனுக்குப் போகும். இரவில் தெரு லைனில் இருந்து வழக்கம்போல் எடுத்துக்கொள்வீர்கள்.

கரண்ட் போனால் சோலாரும் ஏன் போகிறது?

ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தனியாக ஓடத் தெரியாத ஒரு கருவி. தெரு லைனில் வரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அலையைப் பார்த்து, அதே தாளத்தில் தன் கரண்டைச் சேர்க்கிறது. பாடகர் பாடினால்தான் பின்பாட்டு பாட முடியும். பாடகர் நிறுத்தியதும் இதுவும் நிறுத்திவிடும்.

இப்படி நிறுத்துவது கட்டாயமும் ஆகும். கரண்ட்டை நிறுத்திவிட்டு ஒயர்மேன் கம்பத்தில் ஏறியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது உங்கள் மாடியில் இருந்து கரண்ட் கம்பிக்குப் போனால், அவர் உயிருக்கே ஆபத்து. மேலும், தெருவில் உள்ள எல்லா வீட்டு லோடையும் உங்கள் 3 கிலோவாட் தாங்கவும் முடியாது. எனவே மெயின் லைன் இல்லை என்று தெரிந்த உடனே இன்வெர்ட்டர் விலகிக்கொள்ள வேண்டும். இதற்கு ஆன்டி-ஐலேண்டிங் பாதுகாப்பு என்று பெயர். இந்தியாவில் இதனைச் சோதிப்பதற்கான தர எண் ஐ.எஸ். 16169. இன்வெர்ட்டர் வாங்கும்போது அதன் விவரத்தாளில் இந்த எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எனவே கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். தொடர்ந்து தேவை. இருக்கும் பேட்டரி இன்வெர்ட்டரையும் விற்றுவிட வேண்டாம். கணக்கு எளிமையானது. டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் சேர்த்து 120 வாட், ரௌட்டருக்கு 10 வாட், ஒரு பேனுக்கு 60 வாட் என்றால் மொத்தம் 190 வாட். 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியில் 1800 வாட்-மணி இருக்கும். அதில் பாதியை மட்டும் எடுத்தால் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும். அந்தப் பாதியில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓட்டலாம்.

கரண்ட் போனாலும் பேனலில் இருந்தே வீடு ஓட வேண்டும் என்றால், ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். கரண்ட் போனதும் இது வீட்டைத் தெரு லைனில் இருந்து முழுவதுமாகத் துண்டித்துக்கொண்டு, வீட்டுக்குள் மட்டும் தனியாக ஓட்டும். செலவு கணிசமாகக் கூடும். உங்கள் ஊரில் அடிக்கடி, நீண்ட நேரம் கரண்ட் போகிறதா என்பதை வைத்து முடிவு செய்திடலாம்.

டவுன்லோட் லைனில் அப்லோட்

பழைய பிராட்பேண்ட் இணைப்புகள் நினைவிருக்கலாம். டவுன்லோட் வேகமாக இருக்கும். ஒரு பெரிய பைலை அப்லோட் செய்தால் உயிர் போகும். காரணம், வீட்டில் இருப்பவர் எடுத்துக்கொள்ளத்தான் போகிறார், அனுப்பப் போவதில்லை என்று எண்ணி அந்த இணைப்பை வடிவமைத்திருந்தார்கள்.

நம் தெரு மின்சார லைனும் அப்படித்தான். மின் நிலையம், சப்-ஸ்டேஷன், 11,000 வோல்ட் லைன், தெரு ட்ரான்ஸ்பார்மர், கம்பம், வீடு என்று கரண்ட் ஒரே திசையில் இறங்கி வரும் என்ற கணக்கில் போடப்பட்டது. சோலார் வந்த பிறகு, முதல்முறையாக வீடுகள் அப்லோட் செய்கின்றன.

ஓர் உதாரணம். தெருமுனையில் 100 கே.வி.ஏ. ட்ரான்ஸ்பார்மர் ஒன்று இருக்கிறது. அதில் 60 வீடுகள். எளிமைக்காக கே.வி.ஏ.வையும் கிலோவாட்டையும் ஒன்றாகவே வைத்துக்கொள்வோம். 60 வீடும் தலா 3 கிலோவாட் சோலார் போட்டால் மொத்தம் 180 கிலோவாட். நடுப்பகலில் பாதிப் பேர் வேலைக்குப் போயிருப்பார்கள். வீட்டுக்கு அரை கிலோவாட் செலவு என்றால் 30 கிலோவாட் தெருவுக்குள்ளேயே தீரும். மீதி 150 கிலோவாட் எங்கே போகும்? ட்ரான்ஸ்பார்மர் வழியாக மேலே ஏற வேண்டும். அதன் திறனோ 100.

கரண்ட் மேல்நோக்கிப் போவதில் ட்ரான்ஸ்பார்மருக்கு ஆட்சேபணை இல்லை. எந்தத் திசையாக இருந்தாலும் தன் திறனுக்கு மேல் போனால் சூடாகும். அவ்வளவுதான். எனவே 60 வீடும் போட முடியாது, அல்லது ட்ரான்ஸ்பார்மரை மாற்ற வேண்டும். முதலில் போடும் பத்து வீட்டுக்கு எந்தச் சிக்கலும் தெரியாது. கடைசியில் போடுபவருக்குத்தான் தெரியும். எல்லோரும் போட்டாலும் முழு அளவுக்கு இடமில்லாத தெருவில், யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி வந்தே தீரும்.

சூடாவதற்கு முன்பே வரும் சிக்கல்: வோல்டேஜ்

நடைமுறையில் ட்ரான்ஸ்பார்மர் சூடாவதற்கு வெகு முன்பே இன்னொரு தடை வந்துவிடுகிறது. அது வோல்டேஜ். பள்ளியில் படித்த ஓம் விதி போதும். கம்பியின் தடையைக் கரண்ட்டால் பெருக்கினால் வோல்ட் கிடைக்கும்.

இரவில் எல்லோரும் பேன், ஏ.சி., டி.வி. போடும்போது கரண்ட் ட்ரான்ஸ்பார்மரில் இருந்து வீட்டுக்கு வருகிறது. கம்பியின் தடையால் வழியிலேயே வோல்டேஜ் குறைகிறது. அதனால்தான் தெருவின் கடைசி வீட்டில் லைட் மங்கலாக எரிகிறது. பகலில் சோலார் கரண்ட் வீட்டில் இருந்து ட்ரான்ஸ்பார்மருக்குப் போகிறது. தண்ணீரை மேட்டுக்குத் தள்ள அழுத்தம் வேண்டும் அல்லவா? அதுபோல் கரண்ட்டைத் தள்ள, இன்வெர்ட்டர் தன் பக்க வோல்டேஜை உயர்த்த வேண்டும். எனவே பகலில் அதே கடைசி வீட்டில் வோல்டேஜ் ஏறுகிறது.

எவ்வளவு ஏறும்? 3 கிலோவாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 13 ஆம்பியர். ட்ரான்ஸ்பார்மரில் இருந்து கடைசி வீடு வரை போய்த் திரும்பும் கம்பியின் தடை அரை ஓம் என்று கொள்வோம். 13 × 0.5 = 6.5 வோல்ட். பெரிதல்ல. ஆனால் கடைசியில் அடுத்தடுத்து உள்ள மூன்று வீடுகளும் ஒரே பேஸில் 3 கிலோவாட் போட்டிருந்தால், அதே கம்பியில் 39 ஆம்பியர் போகும். 39 × 0.5 = 19.5 வோல்ட்.

இதோடு இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பாருங்கள். நம் நாட்டுத் தெரு ட்ரான்ஸ்பார்மர்கள் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக மாற்றும்படி செய்யப்படுகின்றன. இது மூன்று பேஸுக்கு இடையே உள்ள அளவு. ஒரு பேஸுக்குக் கணக்கிட்டால் 250 வோல்ட். லோடே இல்லாதபோது ட்ரான்ஸ்பார்மர் வாசலிலேயே இவ்வளவு இருக்கலாம். 230-க்குப் பதிலாக ஏன் இவ்வளவு அதிகம்? இரவில் வழியில் குறைந்தது போக, கடைசி வீட்டுக்கு ஓரளவாவது போய்ச் சேர வேண்டும் என்பதற்காக முன்கூட்டியே கூட்டி வைத்திருக்கிறார்கள். வீடுகள் கரண்ட்டை எடுத்துக்கொள்ள மட்டுமே செய்த காலத்தில் இது சரியான ஏற்பாடு.

எல்லை எங்கே இருக்கிறது? மத்திய மின்சார ஆணையத்தின் 2013-ஆம் ஆண்டு தொழில்நுட்ப விதிகளின்படி, வோல்டேஜ் இயல்பான அளவில் 110 சதவீதத்தைத் தாண்டினாலோ 80 சதவீதத்துக்குக் கீழே போனாலோ 2 வினாடிக்குள் இன்வெர்ட்டர் விலக வேண்டும். 230-இல் 110 சதவீதம் என்பது 253 வோல்ட். நடுப்பகலில் ட்ரான்ஸ்பார்மர் பக்கம் 240 வோல்ட் இருந்தால், ஒரு வீட்டுக்கு 246.5. பிரச்சினை இல்லை. மூன்று வீடு சேர்ந்தால் 259.5. எல்லையைத் தாண்டியாயிற்று. அந்த அளவு வரும் முன்பே ஏதோ ஒரு வீட்டின் இன்வெர்ட்டர் நின்றுவிடும்.

எங்கள் தெருவில் டேட்டா சொன்ன கதை

எங்கள் வீடு தெருவின் கடைசியில் இருந்து இரண்டாவது. இன்வெர்ட்டரோடு ஒரு சிறிய வை-பை டாங்கிள் வந்தது. அது 5 நிமிடத்துக்கு ஒருமுறை பவர், வோல்டேஜ், பிரீக்வென்சி ஆகியவற்றைக் குறித்து அனுப்புகிறது. ஒரு நாளைக்கு 288 வரிகள். இதனை நிறுவனத்தின் வெப்சைட்டில் இருந்து பைலாக டவுன்லோட் செய்து, எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க் புரோகிராமில் திறந்திடலாம். நேரம் உள்ள காலத்தையும், வோல்டேஜ் உள்ள காலத்தையும் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் மெனுவில் சார்ட் என்பதை கிளிக் செய்தால் வரைபடம் வந்துவிடும்.

ஏப்ரல் மாத வரைபடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. திங்கள் முதல் சனி வரை பவர் கோடு மலை போல் அழகாக ஏறி இறங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் 12 மணியை ஒட்டி, சீப்பின் பல் போல் மேலும் கீழுமாக இருந்தது. அந்த நேரத்தில் வோல்டேஜ் 252, 253 என்று தொட்டுக்கொண்டிருந்தது. தொட்டதும் பவர் பூஜ்யம். சில நிமிடம் கழித்து மீண்டும் ஏறும். மறுபடியும் பூஜ்யம். மற்ற நாட்களில் 13 யூனிட் வந்த இடத்தில் ஞாயிறன்று 11 யூனிட்தான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெயில் மாறுமா? மாறாது. தெருவில் ஒரு மாவு மில்லும் இரண்டு வெல்டிங் பட்டறையும் இருக்கின்றன. வார நாட்களில் எங்கள் மாடிகளில் உற்பத்தியாவதை அவை அங்கேயே தின்றுவிடுகின்றன. ஞாயிறு அவர்களுக்கு விடுமுறை. எடுத்துக்கொள்ள ஆள் இல்லாததால், கரண்ட் ட்ரான்ஸ்பார்மர் வரை போக வேண்டியிருக்கிறது.

கடைசி வீட்டு அக்காவுக்கு நிலைமை இன்னும் மோசம். அவர்களும் 3 கிலோவாட் போட்டிருந்தார்கள், வங்கிக் கடனில். மாதத் தவணையைக் கரண்ட் பில்லில் மிச்சமாகும் பணத்தை வைத்துக் கட்டிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. கம்பி இன்னும் கொஞ்சம் நீளம் என்பதால் அவர்கள் இன்வெர்ட்டர்தான் முதலில் நிற்கும். அது நின்றதும் வோல்டேஜ் சற்று இறங்கும், எங்களுடையது பிழைத்துக்கொள்ளும். "தம்பி, எல்லார் வீட்டுலயும் ஓடுது, எங்க வீட்டுது மட்டும் ஏன் நிக்குது? பேனல் மட்டமா?" என்று கேட்டார்கள். பேனலில் ஒரு குறையும் இல்லை. எங்கள் வீட்டுச் சோலார் ஓடுவதற்கு அவர்கள் வீட்டுச் சோலார் நின்று வழிவிட்டுக்கொண்டிருந்தது என்பதே உண்மை. அதனை அவர்களுக்கு வரைபடத்தில் காட்டித்தான் சொன்னேன்.

மூன்று காரியங்கள் செய்தோம். அப்பா காலை 6 மணிக்குப் போடும் தண்ணீர் மோட்டாரை 12 மணிக்கு மாற்றினார். அக்கா வீட்டிலும் மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் மதியத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். அடுத்ததாக, இரண்டு வீட்டு வரைபடங்களையும் பிரின்ட் எடுத்து மின் அலுவலகத்தில் கொடுத்தோம். வெறும் வாய்ப்பேச்சாக இல்லாமல் நேரமும் வோல்ட்டும் தாளில் இருந்ததால், இன்ஜினியருக்கு விஷயம் உடனே புரிந்தது. ஒயர்மேன் வந்து பார்த்தார். "தம்பி, இந்தக் கடைசியில மூணு வீட்டுச் சோலாரும் ஒரே பேஸ்ல கிடக்கு" என்றார். ஒரு வீட்டை வேறு பேஸுக்கு மாற்றிவிட்டார்கள். மூன்றாவதாக, எங்கள் கம்பத்தில் தளர்ந்திருந்த ஒரு ஜாயின்ட்டைச் சரி செய்தார்கள். தளர்ந்த ஜாயின்ட்டும் ஒரு தடைதான்.

அதன் பிறகு வந்த ஞாயிறுகளில் 247 வோல்ட்டைத் தாண்டவில்லை. ஆனால் இது நிரந்தரத் தீர்வு அல்ல. தெருவில் இன்னும் நான்கு வீடுகள் சோலார் போட்டால் பழைய நிலைமை திரும்பிவிடும். அப்போது கம்பியோ ட்ரான்ஸ்பார்மரோ மாற வேண்டும்.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. சாப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மனியின் கதை. அங்கே ஆரம்பத்தில் ஒரு விதி இருந்தது. பிரீக்வென்சி 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டால் சோலார் இன்வெர்ட்டர் உடனே விலக வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் பாதுகாப்பான விதி. ஆனால் லட்சக்கணக்கான இன்வெர்ட்டர்களில் அதே எண் எழுதப்பட்டிருந்தது. 2011 முடிவில் அங்கே சோலார் திறன் ஏறத்தாழ 25,000 மெகாவாட். ஐரோப்பிய கிரிட் திடீர் இழப்புக்கு என்று உடனடிக் கையிருப்பாக வைத்திருந்தது 3,000 மெகாவாட். நல்ல வெயில் நாளில் ஒருமுறை 50.2-ஐத் தொட்டிருந்தால், எல்லாம் ஒரே நொடியில் விலகி, ஐரோப்பாவே இருளில் மூழ்கும் ஆபத்து இருந்தது. 2012-இல் தனிச் சட்டம் போட்டு, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட சோலார் நிலையங்களில் இந்த அமைப்பை மாற்ற முடிவு செய்தார்கள். டெக்னீஷியன்கள் இடம் இடமாகப் போக வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் ஹவாய் தீவுகளில் வேறு மாதிரி. அங்கே 2013-இல், வீட்டுச் சோலார் மிக அதிகமாகிவிட்ட லைன்களில், ஆய்வு செய்த பிறகே புதிய இணைப்பு என்று மின் நிறுவனம் அறிவித்தது. பேனல் வாங்கிவிட்டு இணைப்புக்காகக் காத்திருந்தவர்கள் பலர். 2015 அக்டோபரில் புதியவர்களுக்கு நெட் மீட்டரிங் முறையே நிறுத்தப்பட்டது. ஆனால் அதே 2015-இன் தொடக்கத்தில், ஓவாஹு தீவில் இருந்த என்பேஸ் நிறுவனத்தின் ஏறத்தாழ 8 லட்சம் மைக்ரோ இன்வெர்ட்டர்களின் அமைப்புகளை, இன்டர்நெட் வழியாக ஒரே நாளில் மாற்றினார்கள். வோல்டேஜோ பிரீக்வென்சியோ சற்று ஏறி இறங்கினால் உடனே ஓடிவிடாமல், தாக்குப்பிடித்து நிற்கும்படி செய்தார்கள். யாரும் மாடிப்படி ஏறவில்லை. விண்டோஸ் அப்டேட் போல நடந்து முடிந்தது.

ஆஸ்திரேலியாவின் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தில் 2020 செப்டம்பர் முதல், தேவைப்பட்டால் தொலைவில் இருந்து நிறுத்தும் வசதி புதிய சோலார் சிஸ்டங்களுக்குக் கட்டாயம் ஆனது. 2021 மார்ச் 14 அன்று, தேவையை விட உற்பத்தி மிகுந்துபோனதால், முதல் முறையாக வீட்டுச் சோலார்களை அப்படி நிறுத்தினார்கள்.

இவற்றில் இருந்து நமக்குத் தெரிவது என்ன? இன்வெர்ட்டர் என்பது ஒரு கம்ப்யூட்டர். கம்பியின் எல்லையை அது ஓரளவு புத்திசாலித்தனமாகச் சமாளிக்கும். முழுவதுமாக நிறுத்திவிடாமல், வோல்டேஜ் ஏற ஏறப் பவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளும் வசதி இன்று பல இன்வெர்ட்டர்களில் இருக்கிறது. ஆனால் எந்த சாப்ட்வேரும் கம்பியைத் தடிமனாக்காது.

நம் நாட்டு விதி என்ன சொல்கிறது?

2024 பிப்ரவரியில் பிரதமரின் சூர்யா கர் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு கோடி வீடுகள் இலக்கு. 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78,000 என்று மானியம் அறிவிக்கப்பட்டது. 3 கிலோவாட்டுக்கு மேல் எவ்வளவு போட்டாலும் மானியம் கூடாது என்பதைக் கவனியுங்கள்.

அதே 2024-இல் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளையும் திருத்தியது. அதன்படி 10 கிலோவாட் வரை உள்ள வீட்டுச் சோலார் விண்ணப்பங்களைத் தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலேயே ஏற்க வேண்டும். 5 கிலோவாட் வரை, லைனை வலுப்படுத்த வேண்டியிருந்தால் அந்தச் செலவை மின் விநியோக நிறுவனமே ஏற்க வேண்டும். வீடு வைத்திருப்பவர்களுக்கு இது மிகவும் சாதகமான விதி. ஆனால் ஆய்வு இல்லை என்பதற்கு, எல்லை இல்லை என்று பொருள் அல்ல. யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை என்றால், நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணம் கட்டும் முன் செய்ய வேண்டியவை

1. ஒரு வருடக் கரண்ட் பில்களை எடுத்து, மொத்த யூனிட்டை 365-ஆல் வகுத்திடுங்கள். வருவது உங்கள் ஒரு நாள் தேவை. அதனை 4-ஆல் வகுத்தால் எத்தனை கிலோவாட் போதும் என்று தெரியும். மாடியில் இடம் இருக்கிறது என்பதற்காக இரண்டு மடங்கு போட வேண்டாம்.

2. ஒரு மல்டிமீட்டர் அல்லது பிளக்கில் செருகும் வோல்ட் மீட்டர் வாங்கி, ஞாயிறு பகல் 12 மணிக்கும் இரவு 8 மணிக்கும் அளந்து எழுதி வையுங்கள். சோலார் போடும் முன்பே பகலில் 245-ஐத் தாண்டினால், முதலில் மின் அலுவலகத்தில் சொல்லுங்கள். மல்டிமீட்டரில் பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனை அழைத்துக்கொள்ளவும்.

3. உங்கள் யு.பி.எஸ். பகலில் காரணம் இல்லாமல் அடிக்கடி 'டிக், டிக்' என்று சத்தம் போடுகிறதா? வோல்டேஜைச் சரிசெய்யும் வசதி உள்ள யு.பி.எஸ்.களில் அது ரிலே மாறும் சத்தமாக இருக்கலாம். வோல்டேஜ் ஏறி இறங்குகிறது என்பதற்கு அது ஓர் அறிகுறி.

4. உங்கள் ட்ரான்ஸ்பார்மர் எத்தனை கே.வி.ஏ., அதில் ஏற்கெனவே எவ்வளவு சோலார் இணைந்துள்ளது, உங்கள் வீடு எந்த பேஸில் இருக்கிறது என்ற மூன்றையும் மின் அலுவலகத்தில் கேளுங்கள். தெருவின் கடைசியில் வீடு உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

5. இன்வெர்ட்டரில் வோல்டேஜ் ஏறும்போது பவரைக் குறைக்கும் வசதி இருக்கிறதா, 5 நிமிட டேட்டாவை பைலாக டவுன்லோட் செய்ய முடியுமா என்று விற்பவரிடம் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு முடியாது என்றால் வேறு மாடல் பாருங்கள். டேட்டா இல்லாமல் எந்தக் குறையையும் நிரூபிக்க முடியாது.

6. இன்வெர்ட்டரில் இருந்து மீட்டர் வரை போகும் ஏ.சி. ஒயரை, சொன்ன அளவிலோ ஒரு படி கூடுதல் தடிமனிலோ போடச் சொல்லுங்கள். இங்கே மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய், பின்னால் வோல்ட்டாக வந்து நிற்கும்.

7. வை-பை டாங்கிளோடு வரும் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள். உங்கள் ரௌட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் வசதி இருந்தால், டாங்கிளை அதில் இணைத்திடுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் இருக்கும் நெட்வொர்க்கில் அது இருக்கத் தேவையில்லை.

8. போட்ட பிறகு மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் ஆகியவற்றைப் பகல் 11 மணி முதல் 2 மணிக்குள் பயன்படுத்தப் பழகுங்கள். "நெட் மீட்டர்தான் இருக்கிறதே, எப்போது பயன்படுத்தினால் என்ன?" என்று தோன்றும். யூனிட்டைப் பில் கணக்கில் சேர்த்து வைக்கலாம். கம்பியில் சேர்த்து வைக்க முடியாது. நீங்கள் மதியம் மோட்டார் போட்டால், உங்கள் இன்வெர்ட்டர் மட்டுமல்ல, பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரும் நிற்காமல் ஓடும்.

சோலார் போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கரண்ட் பில் பெருமளவு குறைந்துள்ளது. யாராவது கேட்டால் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் இது மாடியில் வைத்து மறந்துவிடும் பொருள் அல்ல. உங்கள் தெருவோடு சேர்ந்து ஓடும் ஒரு மெஷின். இந்த ஞாயிற்றுக்கிழமையே பகல் 12 மணிக்கு வீட்டு வோல்டேஜை அளந்து ஒரு தாளில் குறித்து வையுங்கள். விற்பவர் அடுத்த முறை விலைப்பட்டியலோடு வரும்போது, அந்த ஓர் எண்ணை அவரிடம் காட்டிப் பேச்சை ஆரம்பித்திடலாம்.